கசிந்தது எண்ணெய், கசியாதது செய்தி

2021 நவம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஹவாயின் ஓவாஹு தீவில், பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஒட்டிய ராணுவக் குடியிருப்புகளிலிருந்து அடுத்தடுத்துப் புகார்கள் வரத் தொடங்கின. குழாயைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. பாத்திரத்தில் பிடித்துவைத்த தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம். குழந்தைகளுக்கு உடம்பில் தடிப்பு. பெரியவர்களுக்குத் தலைவலி, வாந்தி. தண்ணீர் பாதுகாப்பற்றது என்பதற்கு உடனடி அறிகுறி ஏதும் இல்லை என்று மறுநாள் தளத்தின் நிர்வாகம் மக்களுக்குப் பதில் சொன்னது.

அந்தத் தண்ணீரில் கலந்திருந்தது ஜேபி-5 என்கிற விமான எரிபொருள். அது கொட்டத் தொடங்கியது நவம்பர் 20, சனிக்கிழமை மாலை. இடையில் எட்டு நாள். குடும்பம் முழுக்கக் கூடிச் சமைத்துச் சாப்பிடும் நன்றி நவிலல் திருநாளும் அந்த வாரத்தில்தான் வந்தது. அந்தக் குடிநீர் வலையத்தை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர்.

எண்ணெய் கொட்டியதைவிட இந்த எட்டு நாள்தான் மனதை அதிகம் உறுத்துகிறது. இரும்பு துருப்பிடிக்கும், வெல்டிங் விட்டுப்போகும், வால்வு உடையும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஓர் இடத்தில் இது நடந்தே தீரும். கசிந்தது தெரிந்தவர் அதைத் தெரியவேண்டியவரிடம் எத்தனை மணி நேரத்தில் சொல்கிறார் என்பது மட்டும் முழுக்க மனிதர்கள் கையில் இருக்கிறது. பூமிக்கடியில் எண்ணெய் வைத்திருப்பவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் தொட்டியின் கனத்தையும் பூச்சையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசலாம். தண்ணீர் குடிப்பவரைக் காப்பது, ‘சொல்லியாக வேண்டும்’ என்கிற அந்த ஒற்றை விதிதான்.

மலைக்குள் இருபது தொட்டிகள்

ஓவாஹு தீவில் ரெட் ஹில் என்றொரு எரிமலைப் பாறைக் குன்று. தரைக்கு மேலே எண்ணெய்த் தொட்டி வைத்தால் எதிரி விமானத்தின் குண்டுக்கு இலக்காகிவிடும் என்று 1940-இல் அமெரிக்கக் கடற்படை அந்தக் குன்றைக் குடையத் தொடங்கியது. 1943-இல் வேலை முடிந்தது. நின்ற வாக்கில் இருபது தொட்டிகள். உள்ளே எஃகுத் தகடு, வெளியே கான்கிரீட், அதற்கும் வெளியே பாறை. ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி. அதைவிட உயரமான இருபது கோபுரங்கள் மலைக்குள் புதைந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டிக்கு 1.25 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 4.7 கோடி லிட்டர். அங்கிருந்து இரண்டரை மைல் நீளச் சுரங்கத்துக்குள் குழாய் போட்டு, பம்பு உதவி இல்லாமலே, பள்ளத்தில் இருக்கும் துறைமுகத்துக்கு எண்ணெயை ஓடவிட்டார்கள். அக்காலப் பொறியியலின் சாதனை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொட்டிகளின் அடிமட்டத்துக்குக் கீழே வெறும் 100 அடி ஆழத்தில் நிலத்தடி நீர். ஹொனலூலு நகரம் குடிப்பதே அந்த நீர்த்தேக்கத்தைத்தான். சுற்றிலும் கடல், வேறு ஊரிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரும் வழியில்லை. போதாக்குறைக்கு, கடற்படையின் குடிநீர்க் கிணறு ஒன்று அதே குன்றுக்குள், தொட்டிகளிலிருந்து வரும் சுரங்கத்தின் பக்கத்திலேயே வெட்டப்பட்டிருந்தது.

2014 ஜனவரியில் ஐந்தாம் எண் தொட்டியிலிருந்து சுமார் 27,000 கேலன், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல், கசிந்தது தெரியவந்தது. பராமரிப்புக்காகக் காலியாக வைத்து, பழுது பார்த்து, மறுபடி நிரப்பிய தொட்டி அது. ஒப்பந்ததாரரின் வெல்டிங்கில் குறை. வேலையைச் சரிபார்த்ததிலும் குறை. அளவு குறைகிறது என்று கருவி எழுப்பிய எச்சரிக்கையை நடத்துபவர்கள் முதலில் பொருட்படுத்தவில்லை. கருவிதான் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துவிடுவது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஹொனலூலு குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் எர்னி லாவ், ஊர் குடிக்கும் தண்ணீருக்கு மேலே இந்தத் தொட்டிகள் இருக்கக் கூடாது என்று அந்தக் கசிவுக்குப் பிறகு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சு நடந்தது, ஒப்பந்தம் போட்டார்கள், ஆய்வு செய்தார்கள். தொட்டிகளில் எண்ணெய் இருந்தது இருந்தபடியே இருந்தது.

தொலைக்காட்சியில் பிறந்த சட்டம்

இவ்வளவுக்கும், நிலத்தடித் தொட்டிகளைக் கட்டுப்படுத்துவதில் மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியான சட்டம் அமெரிக்காவில்தான் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அந்த நாட்டின் மண்ணுக்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணெய், ரசாயனத் தொட்டிகள் கிடந்தன. பெரும்பாலானவை எந்தப் பாதுகாப்புப் பூச்சும் இல்லாத வெறும் இரும்பு. போர் முடிந்து கார் பெருகிய காலத்தில் புதைத்தவை ஒரே சமயத்தில் ஓட்டையாகத் தொடங்கின. 1983 டிசம்பரில் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி, கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் கலந்த குடும்பங்களின் கதையை நாடு முழுக்கக் காட்டியது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. விதிகள் 1988-இல் வந்தன. துருத் தடுப்பு, வழிந்தோடாமல் தடுக்கும் ஏற்பாடு, கசிவு கண்டறியும் கருவி எல்லாம் பழைய தொட்டிகளுக்கும் கட்டாயம். முடியாதவர்கள் 1998 டிசம்பர் 22-க்குள் மூடிவிட வேண்டும் என்று பத்து வருடக் கெடு.

அந்த விதிகளுக்குள் ஒரு வரி இருக்கிறது. கசிவு உறுதியானால் மட்டும் சொன்னால் போதாது, சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் அரசின் தொட்டிக் கண்காணிப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு ஏழு நாளுக்குள் சோதித்து, உண்டா இல்லையா என்று உறுதிசெய்ய வேண்டும். பக்கத்து வீட்டு நிலவறையில் ஆவி வாடை வந்தாலும், பம்பு திடீரென்று ஒழுங்கற்று ஓடினாலும், தொட்டிக்குள் காரணமில்லாமல் தண்ணீர் சேர்ந்தாலும் சந்தேகம்தான். உறுதியாகாத ஒன்றைப் போய்ச் சொல்லி ஊரைக் கலவரப்படுத்துவானேன் என்கிற சமாதானத்துக்கு அந்தச் சட்டம் இடம் வைக்கவில்லை.

இன்னொரு காரியத்தையும் அவர்கள் யோசித்துச் செய்தார்கள். ஊர்ப்புறத்தில் ஒற்றை பங்க் வைத்திருப்பவருக்கு, கசிந்ததைச் சொன்னால் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்கிற செலவிலேயே தொழில் போய்விடும். அப்படியிருக்க அவர் ஏன் சொல்லப்போகிறார்? 1986-இல் கேலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி போட்டு, கசியும் தொட்டிகளுக்கென்றே தனி நிதி உருவாக்கினார்கள். தொட்டி வைத்திருப்பவர் சுத்திகரிப்புச் செலவுக்கு ஈடாகக் காப்பீடோ உத்தரவாதமோ காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். மாநிலங்கள் தங்கள் பங்குக்கு நிதி திரட்டின. அபராதம் மட்டும் இருக்கும் இடத்தில் மறைக்கத்தான் தோன்றும். உண்மையைச் சொன்னால் பிழைக்க வழியிருக்கிறது என்ற நிலை வந்ததால்தான் கசிவுகள் கணக்கில் ஏறின. இன்றுவரை உறுதிசெய்யப்பட்டவை ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சுத்திகரிப்பு முடிந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ‘ஜியோடிராக்கர்’ என்ற அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் தெருப் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். எந்த பங்க்கில் எப்போது கசிந்தது, சுத்திகரிப்பு எந்த அளவில் நிற்கிறது, கிணற்று நீர்ச் சோதனை என்ன சொல்கிறது என்பதெல்லாம் அதில் வரும்.

ரெட் ஹில்லுக்கு இந்தச் சட்டம் ஏன் உதவவில்லை? தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து புதைக்கும் சாதாரணத் தொட்டிகளை மனதில் வைத்து எழுதியவை 1988 விதிகள். அந்த இடத்திலேயே கட்டி எழுப்பிய ராட்சதத் தொட்டிகளுக்குக் கசிவு கண்டறியும் விதிகளை அப்போதைக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த ‘அப்போதைக்கு’ 2015 வரை நீண்டது. தெருமுனை பங்க்கின் சின்னத் தொட்டிக்கு மாதாமாதம் கணக்குக் கேட்ட நாட்டில், நாலே முக்கால் கோடி லிட்டர் தொட்டிக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் விலக்கு. பாதுகாப்புத் துறையின் சொத்து என்றதும் கண்காணிப்பவர் குரல் தாழ்ந்துவிடுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

பிறகு வந்த சோதனையிலும் ஒரு சங்கடம் இருந்தது. மணிக்கு அரை கேலன் கசிந்தால் கண்டுபிடிக்கும் அளவுக்குத்தான் ரெட் ஹில் சோதனையின் நுட்பம். அதற்குச் சற்றுக் குறைவாகக் கசிந்தால் ‘தேறியது’ என்று சான்று கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு அரை கேலன் என்றால் வருடத்துக்கு 4,380 கேலன், பதினாறாயிரம் லிட்டருக்கு மேல். அதுவும் ஒரே தொட்டியில்.

ஆறு டாங்கர் எண்ணெய் எங்கே போனது?

2021 மே 6. தொட்டியிலிருந்து தொட்டிக்கு எரிபொருளை மாற்றுகிறார்கள். வால்வுகளை எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த முறை உண்டு. அன்று அது பின்பற்றப்படவில்லை. குழாய்க்குள் அழுத்தம் திடீரென்று ஏற, இணைப்பு விட்டுச் சுரங்கத்துக்குள் எண்ணெய் பீச்சியடித்தது. சுமார் 1,600 கேலன் கொட்டியது, ஏறக்குறைய முழுவதையும் அள்ளிவிட்டோம் என்று கணக்குச் சொன்னார்கள்.

உண்மையில் கொட்டியது சுமார் 20,000 கேலன். நம் ஊர்ச் சாலையில் ஓடும் 12,000 லிட்டர் டாங்கர் லாரியில் ஏற்றினால் ஆறு லாரிக்கு மேல் வரும். மிச்ச எண்ணெய், தீயணைப்பு நுரையை வடித்துச் செல்வதற்காகச் சுரங்கத்தின் மேற்பகுதியில் போட்டிருந்த பிவிசி குழாய்க்குள் போய்ச் சேர்ந்திருந்தது. தொட்டிகளின் இருப்புக் கணக்கில் அத்தனை எண்ணெய் இடித்தது. வேறு குழாய்களை நிரப்பப் போயிருக்கும் என்று ஒரு விளக்கம் கிடைத்ததும் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. அந்த எண்ணெய் ஆறரை மாதம் சுரங்கத்தில், ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே, பிளாஸ்டிக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கனத்தில் குழாய் தாழ்ந்துபோனது.

நவம்பர் 20 மாலை ஐந்து மணி வாக்கில், பணியாளரை ஏற்றிக்கொண்டு சுரங்கத் தண்டவாளத்தில் சென்ற சிறு வண்டி, அந்தக் குழாயின் அடியில் இருந்த வால்வை இடித்தது. வால்வு உடைந்தது. ஏறத்தாழ 34 மணி நேரம் எண்ணெய் கொட்டியது. கீழே இருந்த வடிகால் வழியாக ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கிக் குடிநீர்க் கிணற்றை அடைந்தது. 5,500 கேலன், அதாவது 21,000 லிட்டர் வரை மண்ணுக்குள் போயிருக்கலாம் என்பது கடற்படையின் சொந்த விசாரணை சொன்ன மதிப்பீடு.

முதல் அறிவிப்பில் அதைத் தண்ணீரும் எரிபொருளும் கலந்த திரவம் என்றார்கள். தீயணைப்புக் குழாய் உடைந்தால் தண்ணீர்தானே வரும் என்ற நினைப்பு. வெளியே எங்கும் கசியவில்லை, குடிநீருக்கு ஆபத்தில்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். கிணற்றுப் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. 28-ஆம் தேதி மக்களே மூக்கால் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அதை நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. சனிக்கிழமை மாலையே ‘என்ன கொட்டியது என்று தெரியவில்லை, எவ்வளவு என்றும் தெரியவில்லை, பக்கத்தில் கிணறு இருக்கிறது, முதலில் பம்பை நிறுத்துங்கள்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஆயிரக்கணக்கான வீடுகளின் குழாய்களுக்கு விமான எரிபொருள் போயிருக்காது. பொய் சொன்னார்களா, புரியாமல் சொன்னார்களா என்று வருடக்கணக்கில் வாதிடலாம். தெரியாததைத் தெரியும் என்று சொன்னதே போதுமான குற்றம் என்பது என் கருத்து. சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் சொல் என்று 1988-இல் அந்த வரியை எழுதியவர்கள் இதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

டிசம்பர் 2-ஆம் தேதி கிணற்றில் பெட்ரோலியம் இருப்பது உறுதியானதாக அறிவித்தார்கள். மாசு தங்கள் பக்கம் இழுக்கப்பட்டுவிடும் என்ற அச்சத்தில் ஹொனலூலு குடிநீர் வாரியம், நகரின் முக்கிய நீராதாரமான ஹலாவா கிணற்றை மூடியது. டிசம்பர் 6-இல் தொட்டிகளைக் காலி செய்யச் சொல்லி ஹவாய் மாநிலச் சுகாதாரத் துறை அவசர ஆணை போட்டது. கடற்படை அதை எதிர்த்துப் பார்த்தது. கடைசியில் 2022 மார்ச் 7-இல் பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் ரெட் ஹில்லை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார். விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்கள் வீடு திரும்ப மாதக்கணக்கானது. 10 கோடி கேலனுக்கு மேற்பட்ட எண்ணெயைக் கீழே இறக்கும் வேலை 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. அதே ஆண்டு மூன்று அட்மிரல்களுக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். 2025 மே மாதம், முன்மாதிரி வழக்காக எடுத்துக்கொண்ட 17 பேருக்குக் கூட்டுமொத்தமாக 6.8 லட்சம் டாலர் அளவுக்கு இழப்பீடு வழங்கியது கூட்டாட்சி நீதிமன்றம்.

தண்டையார்ப்பேட்டையும் சுன்னாகமும்

இது அமெரிக்காவின் கதை என்று தள்ளிவைக்க நமக்கு வழியில்லை. 2013-இல் வடசென்னைத் தண்டையார்ப்பேட்டையில், வரதராஜப் பெருமாள் கோயில் தெருப் பக்கத்து வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் பெட்ரோலியம் வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கிடங்குக்கு மண்ணுக்கடியில் போன குழாய் கசிந்திருந்தது. அங்கும் முதலில் கண்டுபிடித்தது கருவி அல்ல, தண்ணீர் இறைத்த குடும்பங்களின் மூக்குதான். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது, குழாயை மாற்றினார்கள், நிலத்தடி நீரின் மேல் மிதந்த எண்ணெயை வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம். அங்கே தொட்டிக் கசிவு இல்லை. அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் மண்ணில் இறங்கிய கதை. சுண்ணாம்புப் பாறைப் பூமி. மேலே ஊற்றியதை வடிகட்டாமல் அப்படியே கீழே விட்டுவிடும். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் கிணறுதான் எல்லாம். மக்கள் எண்ணெய் மிதக்கும் கிணற்று நீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், நார்தர்ன் பவர் நிறுவனம் அப்பகுதி மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

பெட்ரோலியம் தண்ணீரில் கரையாது, மேலேதானே மிதக்கும் என்று பலர் ஆறுதல் சொல்வதுண்டு. மிதப்பது கண்ணுக்குத் தெரிகிற பகுதி. அதிலுள்ள பென்சீன் தண்ணீரில் கரையும். ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பென்சீனுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இன்று நாம் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் ஒரு சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அந்த அளவு இருந்து, அது முழுவதும் கரைந்துவிட்டால், எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த வரம்பைத் தொடவைத்துவிடும்.

டிப் ராடு சொல்லும் கணக்கு

நம் ஊர் பங்க்குகளில் விடியற்காலை நடக்கும் ஒரு வேலையை வாடிக்கையாளர்கள் கவனிப்பதில்லை. தரையோடு தரையாக இருக்கும் இரும்பு மூடியைத் திறந்து, நீளமான டிப் ராடைத் தொட்டிக்குள் நேராக இறக்குவார்கள். அடிமுனையில் பேஸ்ட் தடவியிருப்பார்கள். தொட்டியின் அடியில் தண்ணீர் இருந்தால் அது நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். வெளியே எடுத்து, ஈரக்கோடு எந்தச் சென்டிமீட்டரில் நிற்கிறது என்று பார்த்து, சார்ட்டில் அதற்கு நேரே எத்தனை லிட்டர் என்று தேடி ஸ்டாக் ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். நேற்றைய இருப்பு, வந்த லோடு, மீட்டர் காட்டும் விற்பனை எல்லாம் கூட்டிக் கழித்தால் இன்றைய டிப் வர வேண்டும். பல பங்க்குகளில் இப்போது தொட்டிக்குள்ளேயே கருவி வைத்துக் கணினியில் அளவு வருகிறது. கணக்கு அதே கணக்குதான்.

டிப் என்றைக்கும் அச்சுப் பிசகாமல் வராது. பெட்ரோல் ஆவியாகும், வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், டாங்கர் வரும்போதே கொஞ்சம் குறைந்து வரலாம். அதனால் ஓரளவு வித்தியாசத்தை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அமெரிக்க விதியிலும் மாத விற்பனையில் ஒரு சதவீதத்தோடு 130 கேலன் வரை வித்தியாசம் அனுமதி உண்டு. ‘ஆவியாப் போச்சு’ என்ற சமாதானம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஒரு மெல்லிய கசிவு வருடக்கணக்கில் ஒளிந்துகொள்ள அந்தச் சமாதானமே போதும். ஒரு நாள் குறைவது ஒன்றுமில்லை. மாதா மாதம் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே வந்தால், மழை பெய்த மறுநாளெல்லாம் பேஸ்ட் நிறம் மாறினால், அந்த ரெஜிஸ்டர் கூப்பாடு போடுகிறது என்று அர்த்தம். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

யார் கேட்பது? நம் நாட்டில் பங்க்குக்கு உரிமம் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. மாவட்ட ஆட்சியரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அடிப்படைச் சட்டம் 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம். அதன் 27-ஆவது பிரிவு, பெட்ரோலியம் தீப்பற்றியோ வெடித்தோ உயிருக்கும் உடைமைக்கும் சேதம் நேர்ந்தால் உடனே தகவல் தரச் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கவலை தீயைப் பற்றியது. சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்குவதை அன்று யாரும் விபத்தாக எண்ணவில்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு, 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பங்க்குகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. புதிய பங்க், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் குடியிருப்புக்கும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்; இடமே இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர். ‘வீட்டுப் பக்கத்தில் பங்க் வருகிறது’ என்று மனுப் போடுகிற எல்லோரும் இந்த 50 மீட்டரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வழிகாட்டுதல் மண்ணையும் நிலத்தடி நீரையும் கசிவிலிருந்து காப்பது பற்றியும் பேசுகிறது. அதை யாரும் புரட்டுவதில்லை. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கென்று மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும், மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும் என்கின்றன அவை. நல்ல தொடக்கம். விமான எரிபொருள் வீட்டுக் குழாய்க்கு வர எட்டு நாள் போதும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடம் இன்னும் தெளிவாகாத கேள்வி, யார் வாயைத் திறப்பது என்பது. பெரும்பாலான பங்க்குகளில் தொட்டியும் பம்பும் எண்ணெய் நிறுவனத்துடையவை, நடத்துபவர் டீலர். டிப் குறைவதை முதலில் பார்ப்பவர் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் மேனேஜர். அவர் சொன்னால் ‘திருடினாயா’ என்ற கேள்வி அவர்மேல் பாயும். டீலர் சொன்னால் விற்பனை நிற்கும். நிறுவனம் சொன்னால் சுத்திகரிப்புச் செலவு அதன் தலையில். மூவருக்கும் பேசாமல் இருப்பதுதான் லாபம் என்கிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை வழிகாட்டுதல் வெளியிட்டாலும் பலன் இருக்காது. கசிந்ததற்கான தண்டனையைவிட, தெரிந்தும் சொல்லாததற்கான தண்டனை பல மடங்கு கனமாக இருக்க வேண்டும். முதல் நாளே சொன்னவருக்குச் சுத்திகரிப்பில் நிதி உதவி வேண்டும். சொன்ன ஊழியரின் வேலைக்குச் சட்டக் காப்பு வேண்டும். எந்தத் தொட்டி எந்த ஆண்டு புதைத்தது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், முடிவு என்ன என்ற விவரம் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ரெஜிஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது இது. உங்கள் கிணற்றிலோ போர் தண்ணீரிலோ பெட்ரோல், டீசல் வாடை வந்தால் மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள்; ஆவி சேர்ந்திருந்தால் ஒரு பொறியே போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் விபரீத ஆசையும் வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள். காய்ச்சினாலும் சரியாகாது, ஆவிதான் வீட்டுக்குள் பரவும். தீயணைப்புத் துறைக்கு 101, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கண்ணாடிப் புட்டியில் தண்ணீரை முழுக்க நிரப்பி, இறுக மூடி, தேதி எழுதி வையுங்கள். பக்கத்துத் தெருவில் யார் யார் வீட்டில் வாடை, என்றிலிருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நாளைக்கு ‘எங்களுக்கு எப்போது தெரியும்’ என்ற வாதம் வரும்போது அந்த முத்திரைத் தேதிதான் உங்கள் பக்கம் நிற்கும்.